சுமைதாங்கிக்கல்லும் கர்ப்பிணி அட்டையும்

(கள்ளக்குறிச்சி வாசகர்கள் முன் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வட தமிழகத்தின் பழைய சாலைகளில் இன்னும் அங்கங்கே ஒரு கல் அமைப்பு நிற்கிறது. நட்டு வைத்த இரண்டு தூண் கற்கள். மேலே குறுக்காகக் கிடத்திய ஒரு பலகைக் கல். உயரம் ஏறத்தாழத் தோள் மட்டம். தலையில் விறகுக் கட்டோ கம்பு மூட்டையோ சுமந்து வருகிறவர், ‘ஒரு கை பிடிங்க’ என்று ஆள் தேடாமல், நின்றபடியே சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம். கிளம்பும்போது குனியாமலே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். சந்தைக்குப் போகும் வழி, ஏரிக்கரை, புளியமரத்தடி என்று, சுமப்பவரின் கழுத்து எங்கே வலிக்கத் தொடங்குமோ அந்த இடம் பார்த்து வைத்திருப்பார்கள். சுமைதாங்கிக்கல் என்று அதற்குப் பெயர்.

அவற்றில் பல, வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் வைத்தவை. வலி கண்டும் பிள்ளை வெளிவராமல் செத்தவள், இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாள். வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இறக்கும்போதெல்லாம் அவளுடைய பாரமும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. சில கற்களில் பெயரும் தமிழ் ஆண்டும் வெட்டியிருக்கும். பலவற்றில் எழுத்தே கிடையாது. யாழ்ப்பாணத்திலும் இதே வழக்கம் உண்டு. அங்கே சுமைதாங்கிக்குப் பக்கத்தில் ஒரு கிணறும், மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஓர் ஆவுரிஞ்சிக் கல்லும் சேர்ந்து நிற்கும் இடங்கள் இருக்கின்றன.

கர்ப்பகால நினைவுகளை அழகாகப் பாதுகாக்கும் வழிகளைப் பற்றிப் பேச வந்த இடத்தில், சாவிலிருந்து தொடங்குவது அவையில் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனாலும் தமிழர் ஒரு கர்ப்பத்தை நினைவில் வைக்க யோசித்த வழிகளில் இதை மிஞ்சிய கற்பனை வேறில்லை. மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடும் சின்னமாக இல்லாமல், அன்றாடம் ஊருக்கு உதவும் பொருளாக ஒரு பெண்ணின் நினைவை நிறுத்தியிருக்கிறார்கள். சாலைகளை அகலப்படுத்தும் வேலையில் இந்தக் கற்கள் எத்தனையோ பிடுங்கப்பட்டு, கல்வெர்ட்டுக்கு அடியிலும் கால்வாய்க் கரையிலும் போய்விட்டன. நெடுஞ்சாலைத் துறை ஒரு கல்லை எடுத்தால் பத்தடி தள்ளி நட்டுவிட்டுப் போகலாம்; பெரிய செலவில்லை.

இந்த மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு கல் இருக்கிறது. திருக்கோவிலூர் வீரட்டேஸ்வரர் கோயிலில் உள்ள ராசராச சோழன் காலக் கல்வெட்டு ஒன்று, அவனுடைய தாய் வானவன்மாதேவியைப் பாடுகிறது. மலையமான் குலத்துப் பெண். திருக்கோவிலூர்ச் சீமை அவளுக்குப் பிறந்த மண். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது, பால் மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறியவள் என்று கல்வெட்டு சொல்கிறது. ராசராசனைச் சுமந்த பத்து மாதம் அவளுக்கு எப்படி இருந்தது, மசக்கை படுத்தியதா, என்ன கேட்டாள், எதைத் தின்றாள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அரண்மனைக்காரிக்கும் விறகு சுமந்தவளுக்கும் கல் கிடைத்தது செத்த பிறகுதான்.

பிழைத்து எழுந்தவளுக்கு என்ன கிடைத்தது? பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று வாய்க்கு வாய் சொல்லும் ஊரில், அந்த மறுபிறவிக்கு முந்தைய மாதங்கள் யார் வீட்டிலும் பத்திரமாக இல்லை. பத்திரமாக இருப்பதெல்லாம் பிள்ளையின் பொருள்கள். இன்றைய பேச்சு சுற்றிச் சுற்றி வரப்போவது இந்தக் குறையைத்தான்.

தொப்புள்கொடியைப் பாருங்கள். பிறந்து ஒரு வாரம், இரண்டு வாரத்தில் காய்ந்து விழும் துண்டை எறிய மாட்டார்கள். வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாண் கயிற்றில் கோத்துவிடுவார்கள். பிள்ளைக்குப் பின்னால் ஏதாவது பெரிய சீக்கு வந்தால் மருந்தாகும் என்பது பாட்டிமார் கணக்கு. ஜப்பானில் இதே துண்டை, பவுலோனியா மரத்தில் செய்த சின்னப் பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்துவார்கள். அங்கே அது தாய்க்கும் பிள்ளைக்குமான உறவின் அடையாளம். அம்மாவிடம் இருக்கும், பிள்ளை வளர்ந்து வீட்டை விட்டுப் போகும்போது கையில் கொடுப்பதும் உண்டு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பாட்டியின் தாயத்து நம்பிக்கையைப் பெரிய விலைக்கு விற்கும் வியாபாரம் ஒன்று நகரங்களில் நடக்கிறது. தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமித்து வைத்தால் அந்தக் குழந்தைக்கே பிற்காலத்தில் உதவும் என்று பிரசவத்துக்கு முன்பே ஆள் வந்து பேசுகிறார்கள். தனக்கே பயன்படும் என்று இப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட ஸ்டெம்செல் வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஆசைக்கு வைப்பதென்றால் வெள்ளித் தாயத்தே போதும். மாதத் தவணை கிடையாது.

ஜப்பானியப் பெட்டியை நினைக்கும்போது கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ஒரு யோசனை வர வேண்டும். இந்த ஊரின் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி சிலைகளும் வாசற்கதவுகளும் செதுக்கும் கைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. உள்ளங்கை அளவில் ஒரு மரப்பெட்டி, மூடியில் தாயின் பெயரும் குழந்தை பிறந்த நாளும், உள்ளே தாயத்துக்கும் ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பெயர்ச் சீட்டுக்கும் இரண்டு கண்ணாடி வளையலுக்கும் இடம். அச்சு வார்த்த பிளாஸ்டிக் ஃபிரேமுக்குள் குழந்தையின் கால்தடம் வைத்துத் தரும் இணையக் கடைகளுக்குப் போகும் பணம் உள்ளூர்ப் பட்டறைக்கு வரும். மூடியில் தாயின் பெயர் என்பதை மட்டும் சிற்பிகள் மறக்கக் கூடாது.

வளையல் என்றதும் வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, ஒற்றைப்படையில் நாள் பார்த்து, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்குவார்கள். பல ஊர்களில் அந்த வளையலைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குக் கொடுத்துவிடும் வழக்கம் இருந்தது. ஒன்பது மாதத்தின் ஒரே நகை, வேலை முடிந்ததும் கைமாறிப் போனது. அது நல்ல வழக்கம்தான், பிரசவம் பார்த்தவளுக்கு நன்றி. ஆனால் ஒரு ஜோடியையாவது அவள் வைத்துக்கொண்டிருக்கலாம்.

வைத்துக்கொண்டது போட்டோவைத்தான். 1960, 70-களின் ஸ்டுடியோப் படங்களில் ஒரு வகை உண்டு. பெண் நாற்காலியில் அல்லது ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி சாய்த்து வைத்திருக்கும். முகம் கேமராவில் விழும், பூ வைத்துப் பின்னிய சடை கண்ணாடியில் விழும். ஒரே படத்தில் முன்னும் பின்னும். வயசுக்கு வந்த பெண்ணுக்கும் சீமந்தம் கண்ட பெண்ணுக்கும் இப்படி எடுப்பார்கள். வயிறு தெரியாமல் புடவைத் தலைப்பை இழுத்துவிடச் சொல்வது போட்டோக்காரரின் பொறுப்பு, அல்லது கூட வந்த மாமியாரின் பொறுப்பு. கண்ணேறு பட்டுவிடக் கூடாது. ஆக, கர்ப்பத்துக்காகவே எடுத்த படத்தில் கர்ப்பம் மட்டும் இருக்காது! தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் இருந்த படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு தேடிச் சேர்த்து எண்ணிம வடிவில் காப்பாற்றியிருக்கிறது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் படமும் ஆய்வாளர்களுக்கு அந்த அளவு முக்கியம் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். படத்தின் பின்பக்கம் பெயர், ஊர், வருடம் எழுதி வையுங்கள். பேனாவில் வேண்டாம், மை ஊறும். மெல்லப் பென்சிலில் எழுதினால் போதும்.

1991 ஆகஸ்டில் டெமி மூர் என்ற அமெரிக்க நடிகை ஏழு மாத வயிற்றோடு ஆடையின்றி ‘வேனிட்டி ஃபேர்’ இதழின் அட்டையில் வந்தார். ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம். பல கடைகள் இதழைக் காகித உறையில் மறைத்து விற்றன. அந்த அட்டையின் தொலைதூரப் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு அணைக்கட்டுப் பூங்காக்களிலும் அருவி ஓரங்களிலும் நீளக் கவுன் பறக்க எடுக்கும் ‘மெட்டர்னிட்டி ஷூட்’. சிரிக்க வேண்டியதில்லை. தலைப்பை இழுத்து மூடச் சொன்ன காலத்துக்கு இது எவ்வளவோ மேல். குறை ஒன்றுதான்: எல்லாப் படமும் ஒரே படம். அதே கவுன், வயிற்றில் கைவிரலால் அதே இதயம், பக்கத்தில் மண்டியிட்ட அதே கணவர். அந்தப் பெண் எந்த ஊர்க்காரி, என்ன வேலை செய்தாள், எந்தச் சமையலறையில் தாளிப்பு வாசனைக்கு ஓடினாள் என்று எதுவும் தெரியாது. பத்தாயிரம் ரூபாய்ப் படத்தோடு, அவள் வீட்டு வாசலில், வீட்டுப் புடவையில், செல்போனில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து வைத்தால் இருபது வருடம் கழித்து எது பேசும் என்பது தெரிந்துவிடும்.

அரசாங்கமும் வளைகாப்பு நடத்துகிறது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் சமுதாய வளைகாப்பு. கல்யாண மண்டபத்தில் வரிசையாக நாற்காலி. மாலை, சந்தனம், குங்குமம், கை நிறைய வளையல். எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல். கையில் ஒரு சீர்வரிசைத் தட்டு. சாதி, மதம் பார்க்காமல் எல்லாரும் ஒரே வரிசை என்பது சின்ன விஷயமல்ல. அம்மா வீட்டுக்கு வசதி இல்லாததால் வளைகாப்பே காணாமல் போயிருக்கக் கூடிய பெண்கள் அந்த வரிசையில் உண்டு. மறுநாள் பேப்பரில் படம் வரும். அதில் வளையல் போட்டுவிடும் பிரமுகரின் முகம் தெளிவாக இருக்கும், கர்ப்பிணிகள் பக்கவாட்டில் இருப்பார்கள். அங்கே நிற்கும் போட்டோக்காரரை வைத்தே ஒவ்வொரு பெண்ணையும் தனியாக ஒரு படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, அங்கன்வாடி வழியாகக் கொடுத்துவிடலாம். சீர்வரிசைத் தட்டில் உள்ள எதையும்விட அது நாள்பட நிற்கும்.

இனி அட்டைக்கு வருவோம். கர்ப்பகால நினைவேடு என்று கடைகளில் பட்டை போட்ட புத்தகம் விற்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிப் பக்கம் போன ஒவ்வொரு தாயிடமும் அப்படி ஒரு நினைவேடு ஏற்கெனவே இருக்கிறது, அதை யாரும் அப்படி நினைப்பதில்லை. நர்ஸம்மா கொடுத்த தாய் சேய் நல அட்டை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987-ல் 300 ரூபாயாகத் தொடங்கி 2018-ல் 18,000 ரூபாயாக வளர்ந்தது. அந்தப் பணத்துக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும், கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தரும் பிக்மி நம்பர் வேண்டும். அந்த நம்பர் எழுதியிருப்பது இந்த அட்டையில். அதனால் பணம் வரும்வரை பீரோவில் நகையோடு இருக்கும். வந்த பிறகு தடுப்பூசி முடியும்வரை ஆணியில் தொங்கும். அப்புறம் எங்கே போகிறது என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது.

அந்த அட்டையை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். கடைசியாக மாதவிடாய் கண்ட தேதி. அதிலிருந்து கணக்குப் போட்ட பிரசவத் தேதி. ஒவ்வொரு வருகைக்கும் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின். எட்டரை என்று இருந்தது ஒன்பதே முக்கால் ஆகிறது, பிறகு பத்து தாண்டுகிறது. இடையில் இரும்புச் சத்து ஊசி ஏற்றிய குறிப்பு. யாரோ அவசரமாக எழுதிய நீல மை, அடுத்த மாதம் வேறு கையெழுத்து. ஒரு தேதி விடுபட்டிருக்கிறது: அந்த மாதம் அறுவடையா, திருவிழாவா, அல்லது மழையில் பஸ் வரவில்லையா? அட்டைக்குச் சொந்தக்காரியைக் கேட்டால்தான் தெரியும். மேலே ஒரு மூலையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி: ஜி3, பி1, எல்1, ஏ1. மூன்றாவது கர்ப்பம், ஒரு பிரசவம், உயிரோடு ஒரு பிள்ளை, ஒன்று கலைந்தது. வீட்டில் யாரும் பேசாத, படம் எடுக்காத, வளையல் போடாத அந்த ஒன்றை நினைவில் வைத்திருப்பது அந்த ‘ஏ1’ மட்டுமே.

கலைந்துபோன கர்ப்பத்துக்கு நம்மிடம் சடங்கு கிடையாது. ‘அடுத்தது தங்கும்’ என்று சொல்லி எழுப்பிவிடுவார்கள். பிரிந்த பிள்ளைக்கு ஓர் அடையாளம் வைத்த இடம் வேறெங்கோ உண்டு. லண்டனில் 1741-ல் திறந்த கைவிடப்பட்ட குழந்தைகள் விடுதியில், தாய்மார் ஒப்படைத்த குழந்தையைப் பின்னால் அடையாளம் காண ஒரு துண்டுத் துணியைக் கிழித்துப் பதிவுத் தாளோடு குத்தி வைத்தார்கள். பூப்போட்ட சீட்டி, ரிப்பன், சட்டைக் கை. அப்படிச் சுமார் 5,000 துண்டுகள் இன்றும் இருக்கின்றன. 2010-ல் அவற்றைக் கண்காட்சியாக வைத்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்மார் விட்டுச்சென்ற ஒரே சுவடு அது என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது. துணி விஷயத்தில் நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல் அம்மாவின் பழைய பருத்திப் புடவையில் கிடத்துவதும், அதே புடவையில் தூளி கட்டுவதும் எல்லா வீட்டு வழக்கம். நிறைமாதத்தில் உடுத்திய புடவையில் ஒரு முழம் கிழித்து, தேதி எழுதிய காகிதத்தோடு மடித்து வைக்கலாம். பிள்ளை தங்காமல் போன கர்ப்பத்துக்கும் இதைச் செய்யலாம். யாருக்கும் காட்ட வேண்டும் என்பதில்லை.

ஜப்பான் 1942-லேயே கர்ப்பிணிகளுக்கு ஒரு கையேடு கொடுத்தது. 1948-ல் அது தாய்க்கும் குழந்தைக்குமான ஒரே புத்தகமாக மாறியது. மருத்துவக் குறிப்புகளுக்கு நடுவில் தாய் தன் மனத்தில் பட்டதை எழுதவும் இடம் விட்டிருக்கிறார்கள். நம் அட்டையிலும் அடுத்த பதிப்பில் ஒரு பக்கம் வெறுமனே விடலாம். நர்ஸ் எழுதாத பக்கம்.

அட்டையோடு கூடவே இருக்கும் இன்னொரு காகிதம் ஸ்கேன் படம். 1958-ல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் கூட்டாளிகளும் வயிற்றுக்குள் ஒலியால் பார்த்த படங்களை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். இன்று தாலுகா ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்ல மாட்டார்கள், 1994-ம் வருடச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. பக்கத்துச் சேலத்தில் பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் ஏன் தொடங்க வேண்டிவந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் அவசியம் விளங்கும். படத்தைப் பற்றி ஒரு நடைமுறைத் தகவல்: பல ஸ்கேன் படங்கள் வெப்பத்தால் கறுக்கும் தெர்மல் தாளில் அச்சானவை. வெளிச்சமும் எண்ணெய்க் கையும் பிளாஸ்டிக் உறையும் பட்டால் வெளிறும். ஆசை ஆசையாக லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் சூட்டில் முழுத் தாளும் கறுத்துப்போகும். வாங்கிய வாரத்திலேயே செல்போனில் ஒரு படம், கடையில் ஒரு ஜெராக்ஸ். அவ்வளவு போதும்.

இதெல்லாம் கள்ளக்குறிச்சி நகரத்துக்கும் சமவெளிக்கும் சரி. கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் கதை மாறும். அங்கே உள்ள வெள்ளிமலை இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 1976 வரை அந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அரசாங்கம் நேரடியாகப் போனதே அதற்குப் பிறகு. சாலையும் ஆஸ்பத்திரியும் பள்ளியும் பிந்தி வந்ததற்கு இந்தக் கணக்கு முக்கியம்.

சாலை இல்லாத குக்கிராமங்களிலிருந்து வலி கண்ட பெண்ணைப் புடவையில் கட்டி, கழியில் கோத்து, இரண்டு பேர் தோளில் தூக்கி இறக்கிய கதைகள் மலைக்காரர்களுக்குப் புதிதல்ல. பிள்ளை படுக்க வேண்டிய தூளியில் தாய் படுத்து மலை இறங்கியிருக்கிறாள். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. வண்டியிலேயே பிறந்த குழந்தைகளும் உண்டு. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில், பிரசவத் தேதிக்குச் சில நாள் முன்பே வந்து துணையாளோடு தங்கிக்கொள்ள பிரசவ காத்திருப்பு அறைகள் திறந்தார்கள். வெள்ளத்திலோ ராத்திரியிலோ ஓட வேண்டிய கட்டாயத்தை இல்லாமலாக்கிய இந்த ஏற்பாட்டைப் போதுமான அளவுக்கு யாரும் பாராட்டவில்லை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி திறந்தது. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது என்பது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் கணக்கு. 2018-20-ல் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய்மார் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. புதிதாகச் சுமைதாங்கிக்கல் நட வேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. ஆனாலும் 2024-ல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது என்பதையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இங்கேதான் கர்ப்பகால நினைவு என்பது ஆல்பத்தைத் தாண்டி வேறொன்றாகிறது. எத்தனை மணிக்கு வலி வந்தது, யார் தூக்கினார்கள், எந்த ஓடையைக் கடக்க முடியவில்லை, எந்த வண்டி வந்தது என்று ஒரு தாய் சொல்வது அந்த மலையின் சாலை வரலாறு. அதை வேறு எந்தக் கோப்பிலும் தேட முடியாது. மலையில் கர்ப்பிணிகளின் படம் எடுத்து ஆல்பம் போட வேண்டும் என்பதைவிட, பெற்று வளர்த்த பாட்டிகளைப் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதே அவசரம். செல்போன் போதும். ஆடு கத்தட்டும், சேவல் கூவட்டும், நிறுத்த வேண்டாம்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. ‘எந்த வருஷம் பிறந்தது’ என்றால் பதில் வராது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர்கள் பின்பற்றும் வழி, ஊருக்குத் தெரிந்த சம்பவங்களை வைத்துக் கேட்பது. ஜாகீர் போவதற்கு முன்னாடியா பின்னாடியா? எம்.ஜி.ஆர். செத்தபோது மூத்தவன் நடந்தானா, தவழ்ந்தானா? அதிலிருந்து வருடம் தானாக விழும். ‘எப்படி இருந்தது’ என்றால் ‘என்னத்தைச் சொல்ல’ என்று முடிந்துவிடும். முழுகாமல் இருப்பதை முதலில் யாரிடம் சொன்னீர்கள், எந்த வாசனை ஆகவில்லை, தண்ணீர் எங்கிருந்து தூக்கினீர்கள், எத்தனையாவது மாதம்வரை காட்டுக்குப் போனீர்கள், பிள்ளை முதலில் எப்போது துள்ளியது, பக்கத்தில் இருந்து பிடித்தவர் யார். சின்னக் கேள்விக்குத்தான் பெரிய பதில் வரும்.

மசக்கையைக் கேட்கும்போது மண் தின்றதையும் கேட்க வேண்டும். விளாம்பழம், மாங்காய், புளி, பச்சரிசி வரை சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சாம்பல், அடுப்பு மண், சுவர்க் காரை என்று வரும்போது குரல் தணியும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை, ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளிடம் இது காணப்படுவதை மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. புறநானூற்று 20-ம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேர மன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டு மண்ணைக் கர்ப்பிணிகள் ஆசைப்பட்டுத் தின்பார்களே தவிரப் பகைவர் யாரும் கொள்ள முடியாது என்று புகழ்ந்திருக்கிறார். மன்னனின் வீரத்தைச் சொல்லவந்த புலவர் வழியாகத் தப்பிப்பிழைத்த கர்ப்பிணியின் நாக்கு அது. அவள் வாயால் அவளே சொன்னதாக ஒரு வரி அந்தப் பாட்டிலும் இல்லை.

பதிவு செய்ததை ஒரே போனில் வைத்திருந்தால் போன் கெட்டதும் போய்விடும். இரண்டு இடத்தில் வையுங்கள். கோப்புக்குத் தாயின் பெயர், ஊர், தேதி என்று பெயர் இடுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பிரசவத்தில் பட்டதைச் சொல்லும்போது புருஷன் வீட்டாரைப் பற்றியும் சொல்லுவார், அது ஊருக்கு அல்ல. கல்லூரிகளில் தமிழும் சமூகப்பணியும் படிக்கும் மாணவிகள் இந்த வேலையை எடுத்தால் ஒரே விடுமுறையில் ஒரு பஞ்சாயத்தை முடிக்கலாம். மாணவர்களும் வரலாம், ஆனால் பாட்டிகள் பெண்பிள்ளைகளிடம்தான் முழுதாகப் பேசுவார்கள்.

ஜாகீர் காலத்தில், அதாவது 1976-க்கு முன்னால், கல்வராயன் மலையில் பிள்ளை பெற்ற பெண்களில் இளையவருக்கே இன்று ஏறத்தாழ 65 வயது ஆகிறது. வரும் பொங்கல் விடுமுறையில் மலை ஏறுகிறவர்கள் அருவியைப் பார்த்துவிட்டு இறங்கும் வழியில், அவர்களில் ஒருவரிடமாவது உட்கார்ந்து கேளுங்கள்.